17 தடவை டூர் ஓட்டி 2 ஸ்டேஜ்தான் ஜெயிச்சாரு: யென்ஸ் ஃபோக்ட் பெரிய ரேஸரா, இல்லையா?

முட்டுக்காடு_செல்வம்:

வணக்கம். சைக்கிள் ரேஸ் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, பஞ்சாயத்து பண்ண வந்த ஆளு நான்.

அக்கா பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ஞாயித்துக்கிழமை ஆனா விடியறதுக்கு முன்னாடியே திருவான்மியூர்ல இருந்து ஒரு குரூப்போட மகாபலிபுரம் கிளம்பிடுவான். இப்போ ரோடு பைக் மாத்தணுமாம், விலை லட்சத்துக்கு மேல. அவங்க அப்பா முதல்ல சரின்னுதான் சொன்னாரு. அப்புறம் பையன் ரூம்ல ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துட்டு யாருன்னு தேடியிருக்காரு. யென்ஸ் ஃபோக்ட், ஜெர்மனிக்காரர், 2014ல ரிட்டயர்டு. "பதினேழு வருஷம் டூர் டி ஃபிரான்ஸ் போயிருக்கான், ஒரு வருஷம்கூட முதல் இருபது பேர்ல வரல. இவன் படத்தை ஒட்டி வச்சுக்கிட்டு நீ என்னத்த ஜெயிக்கப் போறே?"ன்னு ஆரம்பிச்சிட்டாரு. பையன் பதிலுக்கு "அவர் வேலை ஜெயிக்கிறது இல்லப்பா"ன்னு சொல்லிட்டான். அதோட வீடு ரெண்டாச்சு.

குரூப்லயும் இவன்தான் முன்னாடி போய் மத்தவங்களுக்குக் காத்து வாங்கிக் கொடுக்கிறானாம், கடைசி ஸ்பிரிண்ட்ல வேற யாரோ போயிடுறாங்களாம். அதைச் சந்தோஷமா வேற சொல்றான். எனக்கே கொஞ்சம் புரியல. ஜெயிக்காம இருக்கிறது எப்படி ஒரு வேலையாகும்? அதுக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க? இந்த ஆளு உண்மையிலேயே பெரிய ஆளா, இல்ல "கால்களே, வாயை மூடுங்க"ன்னு டி-ஷர்ட் வசனம் சொல்லிப் பேர் வாங்கினவரா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொரட்டூர்_ரகு:

முதலில் கணக்கைச் சரி செய்துவிடுவோம். டூர் டி ஃபிரான்ஸ் மூன்று வாரம் நடக்கும், அதில் ஒவ்வொரு நாள் போட்டியும் ஒரு ஸ்டேஜ். டூரில் 2 ஸ்டேஜ் என்பது சரி: 2001ல் ஸாரானில் ஒன்று, 2006ல் மோன்டேலிமாரில் ஒன்று. ஆனால் அது மட்டும் அவர் கேரியர் இல்லை. கிரிட்டேரியம் இன்டர்நேஷனல் போட்டியை 5 முறை வென்றவர் (1999, 2004, 2007, 2008, 2009). டூர் ஆஃப் ஜெர்மனியை 2006, 2007 என்று அடுத்தடுத்து வென்றார். இத்தாலியின் மூன்று வாரப் போட்டியான ஜிரோவில் 2008ல் ஒரு ஸ்டேஜ். டூரில் மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியும் போட்டிருக்கிறார், 2001ல் ஒரு நாள், 2005ல் ஒரு நாள். 2005 கதை கொஞ்சம் கொடுமை: முல்ஹௌஸில் ஜெர்சியை வாங்கினார், அடுத்த ஸ்டேஜிலேயே மலையில் இழந்தார், அதற்கடுத்த ஸ்டேஜில் நேர வரம்பைத் தாண்டி வந்ததால் போட்டியை விட்டே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

1971ல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். அந்த நாட்டு விளையாட்டுப் பள்ளியில் வளர்ந்தார், பதினெட்டு வயதில் பெர்லின் சுவர் விழுந்தது. புரொஃபஷனல் ஆனது 1997ல்தான். 43 வயது வரை ஓட்டினார். உங்கள் மாமா பார்த்தது மொத்த வரிசையை மட்டும். அந்தப் பட்டியலில் இந்த மாதிரி ஆளைத் தேடவே கூடாது.

அம்பத்தூர்_ஃபிட்டர்:

செல்வம் தம்பி, ரகு சார் சொன்னது எல்லாம் கரெக்ட். ஆனா அந்த லிஸ்ட்டைக் காட்டினா உங்க மாமா "சரி, சின்னச் சின்ன ரேஸ் ஜெயிச்சிருக்கான்"னு சொல்லிட்டுப் போயிடுவாரு. பையன் சொன்னதுதான் சரியான பதில். அதை விளக்கணும்.

நான் அம்பத்தூர்ல சைக்கிள் ஃபேக்டரில வீல் செக்‌ஷன்ல இருந்தவன், இப்போ திருவான்மியூர் பக்கம் சொந்தமா சர்வீஸ் கடை. உங்க பையன் குரூப் மாதிரி பசங்க சைக்கிள்தான் தினம் ஸ்டாண்டுல ஏறுது. டூர் நடக்குற ஜூலை மாசத்துல கடையை மூடிட்டு ஓடுவேன், நம்ம நேரம் ராத்திரி ஒன்பது மணி வாக்குல ஸ்டேஜ் முடியும். மாமாவுக்குப் புரிய வைக்கணும்னா டிவி வேணாம், ஈசிஆர் போதும்.

வெயில் காலத்துல மகாபலிபுரம் நோக்கிப் போனா தெற்குக் காத்து மூஞ்சிலேயே அடிக்கும். முப்பதுல போயிட்டு இருக்கவன் நாப்பதுக்கு ஏத்தணும்னா, காத்தைக் கிழிக்க மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல சக்தி வேணும். வேகம் ஏற ஏற அது மும்மடிக் கணக்குல ஏறும். ஆனா முன்னாடி போறவன் பின்சக்கரத்தை ஒரு சாண் இடைவெளியில புடிச்சிட்டீங்கன்னா, மூணுல ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பசங்க "வீல் புடி"ன்னு கத்துவானுங்களே, அது இதுதான். அப்போ முன்னாடி இருக்கிறவன் அந்த மூணுல ஒரு பங்கைத் தன் கால்ல இருந்து எடுத்து மத்தவனுக்குக் கொடுக்கிறான். ரோடு ரேஸ்னாலே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். மத்ததெல்லாம் அலங்காரம்.

முட்டுக்காடு பாலத்துல கவனிச்சிருக்கீங்களா? மேல ஏறினதும் கடல் பக்கமிருந்து, அதாவது இடது கைப்பக்கமா காத்து தள்ளும். அப்போ நேர் பின்னாடி இருந்தா பிரயோஜனமில்ல. முன்னாடி ஆளோட வலது பக்கமாச் சரிஞ்சு, அவன் பின்சக்கரத்துக்கு என் முன்சக்கரம் பக்கத்துல வர்ற மாதிரி நிக்கணும். அடுத்தவன் எனக்கு வலதுல. இப்படியே சாய்கோடா விசிறி மாதிரி விரியும். ஃபிரான்ஸ்ல ரோட்டை அடைச்சு வச்சிருப்பாங்க, விரியலாம். ஈசிஆர்ல விரிஞ்சா பாண்டிச்சேரி பஸ் வந்து நிக்கும். அதனால பையன்கிட்ட சொல்லுங்க, பாலத்துல ஒத்த வரிசைதான், காத்து வாங்கினா வாங்கிட்டுப் போகட்டும்.

இப்போ ஃபோக்ட். அந்தக் காலத்துல டூர்ல ஒரு டீமுக்கு ஒன்பது பேர். ஒருத்தன் தலைவன். மத்தவனெல்லாம் அவனுக்குக் காத்து மறைக்கணும், டீம் காருக்குப் பின்வாங்கிப் போய் முதுகுல ஜெர்சிக்குள்ள தண்ணி பாட்டிலைத் திணிச்சுக்கிட்டு மறுபடி முன்னாடி வரணும், தலைவனுக்கு வீல் போச்சுன்னா தன் வீலைக் கழட்டிக் கொடுக்கணும், எதிராளி ஓடினா துரத்திப் புடிக்கணும். இதுக்குப் பேரு டொமெஸ்டிக். ஃபோக்ட் அதுல முதல் தரம்.

2008 டூரை எடுத்துக்குங்க. ஃபோக்ட் அப்போ சிஎஸ்சி டீம். ஓட்டக்காம் போற ஸ்டேஜ்ல டூர்மாலே மலை மேல அதே டீம் கான்செல்லாராவும் ஃபோக்ட்டும் மாறி மாறி வேகம் வச்சாங்க. ரெண்டு பேரும் மலை ஏறுற உடம்பே கிடையாது, உசரமும் எடையும் அப்படி. ஆனா அந்த வேகத்துல வால்வெர்டே, குனேகோ மாதிரி பெரிய பெரிய ஆளுங்க கழண்டு போனாங்க. டீம்ல கார்லோஸ் சாஸ்ட்ரே அந்த வருஷம் டூரையே ஜெயிச்சாரு, ரெண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் 58 செகண்ட்தான் வித்தியாசம். மூணு வாரம் ஓட்டி 58 செகண்ட். அந்தக் கணக்குல ஃபோக்ட் முன்னாடி நின்னு காத்து மறைச்சு இழுத்த கிலோமீட்டர் எவ்வளவுன்னு எந்தப் பட்டியலும் போடாது. உங்க மாமா தேடினா கிடைக்கவும் கிடைக்காது.

இன்னொண்ணு, 2004. இதைக் கண்டிப்பா சொல்லணும். வில்லார்-த-லான் போற ஸ்டேஜ்ல ஃபோக்ட் முன்னாடி ஓடிப்போன கூட்டத்துல இருக்காரு. ஸ்டேஜ் ஜெயிக்கவே வாய்ப்பு இருந்த நாள். பின்னாடி யான் உல்ரிச் தாக்குறாரு. உல்ரிச் ஜெர்மனிக்கே ஹீரோ. ஃபோக்ட் டீம் தலைவர் இவான் பாஸோ, இத்தாலிக்காரர். டீம் கார்ல இருந்து உத்தரவு வருது: நில்லு, பின்னாடி வா, உல்ரிச்சைத் துரத்து. நின்னாரு. வந்தாரு. சொந்த நாட்டு ஹீரோவை இழுத்துப் புடிச்சுக் கொடுத்தாரு. மறுநாள் ஆல்ப் டுவேஸ் மலையில தனித்தனியா நேரம் பார்த்து ஓட்டுற போட்டி. வழி பூரா ஜெர்மன் ரசிகர்கள். "யூதாஸ்"னு எழுதி வச்சுக் காத்திருந்தாங்க, கத்தினாங்க. அவர் தனியா ஏறிப் போனாரு. கடைசில பாஸோ மூணாவது, உல்ரிச் நாலாவது.

நேர்மை வேற, விசுவாசம் வேற, ரெண்டும் இருந்துச்சு இந்த ஆளுகிட்ட. 2006 ஜிரோவுல சான் பெல்லெக்ரீனோ கணவாய் மேல ஒரு ஸ்டேஜ் முடியுது. ஃபோக்ட்டும் ஸ்பெயின்காரர் காராத்தேவும் கடைசி வரைக்கும் முன்னாடி. ஃபோக்ட் அன்னிக்கு முன்னாடி போய் இழுக்கவே இல்ல. பின்னாடி பாஸோ வர்றாரு, தலைவனுக்கு எதிரா இழுக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால பூரா காராத்தே வீலைப் புடிச்சே வந்தாரு. கால் ஃப்ரெஷ்ஷா இருந்திருக்கும், ஸ்பிரிண்ட்ல தாண்டியிருக்கலாம். தாண்டல. உழைச்சது அவன், அவனே எடுத்துக்கட்டும்னு விட்டுட்டாரு. ஜிரோ ஸ்டேஜ் தம்பி அது. நிறைய பேர் வாழ்நாள் பூரா ஓட்டியும் ஒண்ணுகூடக் கிடைக்காது.

கஸ்டமர் வந்துட்டாரு, மீதி அப்புறம்.

தரமணி_வாசகன்:

ஃபிட்டர் அண்ணன் எழுதினதைப் படிச்சா கண்ணு கலங்குது, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு பக்கம் மட்டும் சொல்லக் கூடாது. அதே சிஎஸ்சி டீமை நடத்தின பியார்ன் ரீஸ், 1996 டூரை ஜெயிச்சப்போ ஈபிஓங்கிற ஊக்கமருந்து எடுத்ததா 2007ல அவரே ஒத்துக்கிட்டாரு. பாஸோவுக்கு ஸ்பெயின் டாக்டர் ஒருத்தரோட ஊக்கமருந்து வழக்குல ரெண்டு வருஷம் தடை. அண்ணன் சொன்ன 2004 டூர்ல முதல்ல வந்த ஆர்ம்ஸ்ட்ராங்கோட பேரையே அழிச்சிட்டாங்க. ஃபோக்ட்டோட கூட்டாளி ஸ்டூவர்ட் ஓ'கிரேடி, 1998ல தானும் எடுத்ததா 2013ல சொன்னாரு. இவங்க நடுவுல பதினெட்டு வருஷம் இருந்த ஒருத்தருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா நம்ப முடியுதா? பையன் ரூம்ல ஒட்டறதுக்கு முன்னாடி இதையும் பேசணும்.

முட்டுக்காடு_செல்வம்:

ஐயோ, இது வேறயா. மாமாகிட்ட இதைச் சொன்னா போஸ்டரோட சைக்கிளும் போயிடும்.

ஃபிட்டர் அண்ணே, அந்த 2004 கதையைப் பையன்கிட்ட கேட்டேன், அவனுக்கு நாள், மலை எல்லாம் மனப்பாடம். சம்பள விஷயம் மட்டும் யாரும் சொல்லல. மாமாவோட முதல் கேள்வியே அதுதான்.

அம்பத்தூர்_ஃபிட்டர்:

வாசகன் கேட்டதுக்கு முதல்ல. நியாயமான கேள்வி. ஃபோக்ட் எந்த டெஸ்ட்லயும் மாட்டல, தடை வாங்கல, எடுக்கவே இல்லைன்னு ரிட்டயர் ஆனப்புறமும் சொல்லிட்டு இருக்காரு. அந்தக் காலத்து டீம்ல இருந்தவரை நான் கண்ண மூடிட்டுப் பரிசுத்தம்னு சத்தியம் பண்ண மாட்டேன், சாட்சி இல்லாமத் திருடன்னும் சொல்ல மாட்டேன். பையனுக்கு இருபது வயசு ஆகப் போகுது, இந்தப் பேச்சைத் தாங்குவான். மறைச்சு வைக்காதீங்க.

சம்பளம். கொடுக்கிறது ஸ்பான்சர். ரேஸுக்கு டிக்கெட் கிடையாது, ரோட்டோரம் நின்னு பார்க்கலாம், அதனால டீமுக்கு கேட் வசூல் இல்ல. கம்பெனிக்காரன் ஜெர்சில பேர் போடறான், அந்தப் பேர் டிவில தெரியணும். கூட்டத்துக்குள்ள நூத்தி எண்பது பேரோட இருந்தா யாருக்குத் தெரியும்? ஃபோக்ட் மாதிரி ஆளு காலையில ஓடிப் போனா நாலு மணி நேரம் கேமரா அவர் மேலயே. ஜெயிக்கலைன்னாலும் கம்பெனிக்குப் போட்ட காசு திரும்பிடும். பரிசுப் பணம் வந்தா டீமுக்குள்ள பங்கு பிரிச்சுக்குவாங்க, இழுத்தவனுக்கும் உண்டு. தலைவன் ஜெயிச்சா அடுத்த வருஷ ஒப்பந்தத்துல இழுத்தவனோட விலையும் ஏறும். மாமா ஆபீஸ் வேலையில இருக்கவர்னா இதுல புரியாம இருக்க ஒண்ணுமில்ல.

ஓடிப் போறதுன்னு சொன்னேன்ல, 2006 டூர் 13வது ஸ்டேஜைச் சொல்லாம விட்டா தப்பு. பேஸியேல இருந்து மோன்டேலிமார், 230 கிலோமீட்டர், கொளுத்துற வெயில். அஞ்சு பேர் முன்னாடி போனாங்க, கடைசில ஃபோக்ட்டும் ஆஸ்கார் பெரேய்ரோவும் மட்டும். மஞ்சள் ஜெர்சி ஃப்ளாய்ட் லாண்டிஸ்கிட்ட. அவர் டீம் துரத்தல, போனாப் போகட்டும்னு விட்டாங்க. கூட்டம் வந்து சேர்ந்தது 29 நிமிஷம் 57 செகண்ட் கழிச்சு. ஸ்டேஜ் ஃபோக்ட்டுக்கு. பெரேய்ரோ அதுவரைக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் பின்தங்கி இருந்தவர், ஒரே நாள்ல மஞ்சள் ஜெர்சி அவருக்கு. பாரிஸ் போய்ச் சேரும்போது லாண்டிஸ் முதல், பெரேய்ரோ ரெண்டாவது. அப்புறம் லாண்டிஸ் ஊக்கமருந்துல மாட்ட, டூர் பட்டமே பெரேய்ரோவுக்குப் போச்சு. அன்னிக்கு ஃபோக்ட் கூட சேர்ந்து இழுக்கலைன்னா பெரேய்ரோ அந்த அரை மணி நேரத்தை எங்க போய்த் தேடியிருப்பாரு? இதுல வேடிக்கை, ரெண்டு பேரும் வேற வேற டீம்.

இப்போ ஒரு மெக்கானிக்கா எனக்குப் புடிச்ச கதை. 2009 டூர்ல பெத்தி சான் பெர்னார் இறக்கத்துல விழுந்து கன்ன எலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரி. மறு வருஷம் 2010, பெய்ரசூர்த் இறக்கத்துல முன் டயர் வெடிச்சு மறுபடி விழுறாரு. சைக்கிள் உடைஞ்சு போச்சு. டீம் கார் எல்லாம் தலைவனுங்க பின்னாடி முன்னாலேயே போயிடுச்சு. பின்னாடி வர்றது போட்டியை விட்டவங்களை ஏத்திக்கிற வண்டி மட்டும். ஏறினா டூர் முடிஞ்சது. ஏற மாட்டேன்னுட்டாரு. போட்டிக்காரங்ககிட்ட சின்னப் பசங்க ஓட்டுற மஞ்சக் கலர் சைக்கிள் ஒண்ணு இருந்துச்சு, அதைக் கொடுத்தாங்க.

அதுல பெடல்ல டோ கிளிப். பழைய ஸ்டைல், கால் விரலுக்கு மேல கம்பிக் கூடு, தோல் வார். இவர் போட்டிருந்தது கிளீட் ஷூ. அடியில பிளாஸ்டிக் கட்டி துருத்திட்டு இருக்கும், அது தன் பெடல்ல மட்டும்தான் கடிக்கும். டோ கிளிப் பெடல்ல அந்தக் கட்டியோட மிதிச்சா வழுக்கும், வாருக்குள்ள கால் முழுசா நுழையாது. என் கடையில பசங்க அவசரத்துக்கு வேற பெடல்ல ஓட்டிட்டு வந்து கிளீட்டைத் தேய்ச்சு வச்சிருப்பானுங்க, பார்த்தாலே தெரியும். அதோட சைக்கிள் சைஸ் வேற சின்னது. ஆறடிக்கு மேல இருக்கிற ஆளு, முட்டி ஹாண்டில்பார்ல இடிக்கும். முழங்கை, முட்டி எல்லாம் ரத்தம். அப்படியே பதினஞ்சு கிலோமீட்டர் கிட்ட ஓட்டினாரு. வழியில ஒரு போலீஸ்காரர்கிட்ட டீம் விட்டுட்டுப் போன ஸ்பேர் சைக்கிள் இருந்துச்சு, அதுல ஏறி, கடைசிக் கூட்டத்தைப் புடிச்சு, நேர வரம்புக்குள்ள ஸ்டேஜ் முடியுற 'போ'ங்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தாரு.

அன்னிக்கு அவர் எத்தனையாவது வந்தாருன்னு கேட்டா நூத்துக்கு மேல ஏதோ ஒரு நம்பர். மாமா பார்த்த பட்டியல்ல அதுதான் இருக்கும்.

பையன் சைக்கிள் பத்தி என் கருத்து: லட்சம் இப்போ வேணாம். இருக்கிறதுலேயே நல்ல டயர், சரியான சீட் உசரம் பண்ணிக் கொடுங்க. முன்னாடி போய் இழுக்கிறவனுக்கு ஃபிரேமை விட உடம்பு உட்கார்ற வாகுதான் முக்கியம்.

மயிலாப்பூர்_மணி:

குறுக்கே வரேன், மன்னிக்கணும். இதே ஃபோக்ட்தானே ஒரு மணி நேரச் சாதனை பண்ணினவர்? அது ரோடு ரேஸ் இல்லையே?

கொரட்டூர்_ரகு:

அவரேதான். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் கடைசி ரோடு ரேஸ். செப்டம்பர் 17ல் 43 வயது நிறைந்தது, மறுநாள் சுவிட்சர்லாந்தில் கிரென்ஷன் டிராக்கில் இறங்கினார். விதி எளிது: ஒரு ஆள், ஒரு சைக்கிள், 60 நிமிடத்தில் எவ்வளவு தூரம். நம் ஊர் மைதானங்களில் ஸ்பீக்கர் கட்டி, ராப்பகலாக ஒருவர் இறங்காமல் சைக்கிள் விடுவாரே, அந்த வட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் அடைத்த மாதிரி. 250 மீட்டர் டிராக்கில் 200 சுற்றுக்கு மேல் போய் 51 கிலோமீட்டரைத் தாண்டினார். அதற்கு முன் 2005ல் செக் வீரர் சோசென்கா வைத்திருந்தது 49.700 கிலோமீட்டர்.

அந்த ஆண்டுதான் புதுவகை டிராக் சைக்கிள்களை அனுமதித்து விதியை மாற்றியிருந்தார்கள், அதனால் யாராவது உடைத்திருப்பார்கள் என்பதும் உண்மை. அக்டோபர் 30லேயே ஆஸ்திரியாவின் மத்தியாஸ் பிரான்டிலே 51.852 என்று தாண்டிவிட்டார். 2015ல் விக்கின்ஸ் 54.526. 2022ல் அதே கிரென்ஷன் டிராக்கில் ஃபிலிப்போ கன்னா 56.792. ஃபோக்ட்டின் எண் இன்று சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒன்பது ஆண்டு யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த போட்டிக்கு மறுபடி வரிசையில் ஆள் நிற்க வைத்தது அவர் இறங்கியதுதான்.

அம்பத்தூர்_ஃபிட்டர்:

அங்கேயும் முன்னாடி போய் காத்தை வாங்கினது இவர்தான்னு சொல்லுங்க ரகு சார்.

செல்வம் தம்பி, மாமாவைச் சனிக்கிழமை சாயந்திரம் கடைக்குக் கூட்டிட்டு வாங்க, பையனும் வரட்டும். சீட் உசரம் பார்த்துடலாம். செவ்வாய் லீவு.